முதலில் நிமிர்த்துங்கோ, பிறகு மடக்குங்கோ

றெஸ்டோரண்ட் குசினியிலும் துப்புரவு வேலையிலும் நின்றே காலத்தை ஓட்டிய சுவிஸ் தமிழர் பலருக்கு இப்போது முழங்கால் மாற்றுகிற வயது. எல்லாருக்கும் பயம் ஒப்பரேசனில்தான். அது டொக்டரின் வேலை, ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். பிறகு வருகிற ஆறு கிழமைதான் உங்கள் வேலை. அதைக் கோட்டைவிட்டால் பிறகு பிடிப்பது கஷ்டம்.

முதலில் காசுக் கதை. பிரான்ஷீஸ், அதாவது காப்புறுதி கட்டத் தொடங்க முதல் நீங்கள் கட்டுகிற பங்கு, ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிற கணக்கு. நவம்பரில் ஒப்பரேசன் செய்தால் பிசியோ அடுத்த வருஷத்துக்கு இழுபடும், பிரான்ஷீஸை இன்னொருமுறை கட்ட வேண்டிவரும். அவசரம் இல்லையென்றால் வருஷத் தொடக்கத்தில் திகதி கேளுங்கோ. 2500 பிராங்க் பிரான்ஷீஸ் வைத்திருப்பவர்கள் அடுத்த வருஷத்துக்கு 300 ஆகக் குறைக்க விரும்பினால், கடிதம் நவம்பர் முடிவதற்குள் காப்புறுதியின் கையில் இருக்கவேண்டும். பிரான்ஷீஸுக்கு மேல் வருகிற செலவில் பத்து வீதம் உங்களுடையது, வருஷத்துக்கு 700 பிராங்க் வரை.

டொக்டர் எழுதித் தருகிற ஒரு பிசியோத் துண்டுக்கு ஒன்பது தடவைதான். எழுதிய நாளிலிருந்து ஐந்து கிழமைக்குள் தொடங்கவும் வேண்டும். நல்ல பிசியோக்காரரிடம் இடம் கிடைப்பது லேசில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதலே நேரம் எடுத்து வையுங்கோ. ஏழாவது, எட்டாவது தடவையிலேயே அடுத்த துண்டைக் கேளுங்கோ, இடைவெளி விழக்கூடாது. தங்கி நிற்கிற றீஹா வேண்டுமென்றால் காப்புறுதியின் சம்மதம் முன்கூட்டியே தேவை. வீட்டில் தனிய இருப்பவர்கள் அதை ஆஸ்பத்திரியின் சமூகசேவைப் பிரிவிடம் முதலே சொல்லிவிடுங்கோ.

இனிக் காலுக்கு வருவோம். பார்க்க வருகிற ஆட்கள் எல்லாரும் அன்பாகச் செய்கிற ஒரு காரியம், முழங்காலுக்குக் கீழே தலையணை வைப்பது. வைக்க விடாதேங்கோ. சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் அரைவாசி மடிந்தபடியே இறுகிப்போகும். மடக்க வரவில்லை என்று அழுகிறவர்கள்தான் கூட. நிமிராத காலோ அதைவிடப் பொல்லாதது, வாழ்நாள் முழுக்க நொண்ட வைக்கும். துவாயைச் சுருட்டிக் குதிக்காலுக்குக் கீழே வையுங்கோ, முழங்கால் அந்தரத்தில் நிற்கட்டும். தொடையை இறுக்கி முழங்காலைக் கீழே அமத்தி, ஐந்து எண்ணி விடுங்கோ. மடக்குவதற்கு, காலுறையோடு கதிரையில் இருந்து, வழுக்குகிற தரையில் குதிக்காலைப் பின்னுக்கு இழுங்கோ. ஒரே மூச்சில் ஒரு மணித்தியாலம் செய்து வீங்க வைப்பதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக நாளுக்குப் பலமுறை செய்வது நல்லது. செய்து முடிய, உறைந்த பட்டாணிப் பையைத் துணியில் சுற்றிக் கால் மணித்தியாலம் வையுங்கோ.

பிசியோக்காரர் பூச்சியத்திலிருந்து பத்து வரைக்கும் நோ எவ்வளவு என்று கேட்பார். எங்கட ஆட்கள் மரியாதைக்காக, பரவாயில்லை என்பார்கள். பிறகு வீட்டில் நோவில் அசையாமல் கிடப்பார்கள். எட்டு என்றால் எட்டு என்றே சொல்லுங்கோ. தந்த நோக்குளிசையை, டொக்டர் சொன்ன அளவில், பயிற்சிக்கு அரை மணித்தியாலம் முந்திப் போடுங்கோ. குளிசை கூடாது என்று அதை மிச்சம் பிடித்துக் காலை இறுக விடுவதில் என்ன லாபம்?

கதிரையிலிருந்து எழும்ப, படி இறங்க ஏறக்குறைய 90 பாகை மடங்க வேண்டும். சைக்கிள் மிதிக்க 110 மட்டில். ஆறு கிழமை கழிந்தும் 90 எட்டவில்லையென்றால் பொறுத்துப் பார்ப்போம் என்று இருக்காமல் சத்திரசிகிச்சை டொக்டரிடமே போங்கோ. மயக்கம் தந்து மடக்கிவிடுகிற வழி உண்டு, காலம் போகப்போக அதன் பலன் குறையும்.

லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கிற அறை நிலத்துக்குக் கீழே இருக்கும். ஏறும்போது நல்ல கால் முன்னுக்கு, இறங்கும்போது ஒப்பரேசன் செய்த கால் முன்னுக்கு. உடுப்புக் கூடையைப் பிள்ளைகள் தூக்கட்டும்.

மாதக்கணக்கில் முழங்கால் சூடாக இருக்கும், தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்திருக்கும். பயப்படாதேங்கோ. கெண்டைக்கால் வீங்கி நொந்தால், காய்ச்சல் வந்தால், காயம் ஊறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அடியுங்கோ. மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால் யோசிக்க நேரமில்லை, அம்புலன்சுக்கு 144 அடியுங்கோ. இரத்தம் உறையாமல் தருகிற மருந்தை உங்கள் பாட்டுக்கு நிறுத்தவேண்டாம்.

கோயிலில் சப்பாணி கட்டி இருக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். பலருக்குப் புதிய முழங்கால் அந்தளவுக்கு மடங்காது. மரியாஸ்டைன் மாதாவின் குகைக்குப் படி இறங்கிப் போகலாம், முழந்தாளிட முதல் டொக்டரைக் கேளுங்கோ. கோயிலில் கதிரை கேட்டு வாங்கி இருங்கோ, வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.