நீர்ப்பறவைகள்: பிள்ளைகள் கேட்ட சில வினாக்கள்

சென்ற தை மாதத்தில் நம் உறவினர் குடும்பங்கள் சில, வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு வேடந்தாங்கல் சென்று வந்தன. திரும்பி வந்த பிள்ளைகள் நம்மைச் சூழ்ந்துகொண்டு வினாக்களைத் தொடுத்தனர். நாம் பள்ளியில் பணியாற்றிய காலத்தும் மாணவரிடமிருந்து பெரும்பாலும் இவ்வினாக்களே எழுந்தன. சிலவற்றுக்கு அந்நாளில் பிழையான விடை சொல்லியிருக்கிறோம். ஆகவே திருத்திய விடைகளை இங்கு எழுதுகிறோம். பெற்றோர் படித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

வாத்து நீரிலேயே கிடந்தும் நனைவதில்லை. நீர்க்காகம் மட்டும் சிறகை விரித்து வெயிலில் காய்வது ஏன்?

இறகு ஒன்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், தண்டிலிருந்து கிளைக்கும் மெல்லிய இழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று பிணைந்திருப்பது தெரியும். பறவை தன் வாலடியில் உள்ள சுரப்பியிலிருந்து எண்ணெயை அலகால் எடுத்து இறகெங்கும் பூசும். கலைந்த இழைகளையும் நீவிச் சேர்க்கும். நெருங்கப் பின்னிய இவ்விறகினுள் நீர் புகாது, காற்று தங்கும். வாத்து மிதப்பதும் குளிர் தாங்குவதும் இதனாலேயே. நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது என்று நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் கற்றோம். பல்லாண்டு அவ்வாறே கற்பித்தும் வந்தோம். அது தவறு. சுரப்பி உண்டு. அவற்றின் இறகுகளின் வெளிப்பகுதி தளர்ந்த பின்னலால் ஆனது. ஆதலின் நீர் ஏறுகிறது. இறகிடையே உள்ள காற்று குறைவதால், மூழ்கி மீனைத் துரத்துவது எளிதாகிறது. அந்த வசதிக்குக் கொடுக்கும் விலையே வெயிலில் காய்தல்.

நாரையின் முழங்கால் பின்பக்கமாக மடிகிறதே, அது எப்படி?

அது முழங்கால் அன்று, கணுக்கால். உண்மையான முழங்கால் வயிற்றை ஒட்டி இறகுக்குள் மறைந்திருக்கிறது. நாரை எந்நேரமும் விரல்களை ஊன்றியே நிற்கிறது எனலாம். ஒரு காலை மடக்கி வயிற்றிறகுக்குள் வைத்துக்கொள்வது, இறகற்ற காலின் வழியே உடல் வெப்பம் வீணாகாமல் காப்பதற்கு. தவம் செய்வதாக நாம் கருதிக்கொள்கிறோம். கொக்குக்கு அந்த எண்ணம் இல்லை.

ஒரே ஏரியில் இத்தனை வகைப் பறவைகள் சண்டையிடாமல் எப்படி உண்கின்றன?

இவ்வினாவைக் கேட்டவள் எட்டு வயதுச் சிறுமி. வினாக்களுள் இதுவே சிறந்தது. விடை, அலகிலும் கால் உயரத்திலும் நீரின் ஆழத்திலும் இருக்கிறது. கரையோரச் சேற்றில் அசையாது நிற்பது மடையான். அதனைக் குருட்டுக்கொக்கு என்பார்கள். நாம் மிக நெருங்கும் வரை பறக்காமையால் வந்த பெயர். அதற்குக் கண் நன்றாகவே தெரியும். தன் பழுப்பு நிறம் சேற்றோடு ஒன்றிவிடும் என்னும் துணிவில் நிற்கிறது. பறந்தால்தான் அதன் வெள்ளைச் சிறகு வெளிப்படும். முழங்கால் ஆழத்தில் மஞ்சள் மூக்கு நாரை, பாதி திறந்த அலகை நீரில் அமிழ்த்தி நடக்கும். மீன் பட்டவுடன் அலகு மூடிக்கொள்ளும். இங்கே வேலை செய்வது கண் அன்று, தொடு உணர்ச்சி. கரண்டிவாயன் தன் தட்டையான அலகை இடமும் வலமுமாக வீசிக் கலங்கல் நீரைத் துழாவும். கூழைக்கடா மிதந்தபடியே தாடைப்பையால் மீனை நீரோடு அள்ளி, நீரை வடித்துவிட்டு விழுங்கும். அப்பை மீனைச் சேமிக்கும் கூடை என்று பலர் எண்ணுகின்றனர், அது வலைதான். ஆழ்ந்த நீரில் நீர்க்காகமும் முக்குளிப்பானும் மூழ்கும்.

நத்தைகுத்தி நாரையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதன் மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே இடைவெளி தெரியும். பாக்குவெட்டி போல் அதில் வைத்து நத்தையை நொறுக்குகிறது என்று முன்னர் எண்ணினர். அவ்வாறன்று. கீழலகின் கூரிய நுனியை ஓட்டினுள் செலுத்தி, தசையை அறுத்து நத்தையை உருவி எடுக்கிறது. ஓடு பெரும்பாலும் உடைவதில்லை. குஞ்சுக்கு இந்த இடைவெளி இராது. வளர வளரத்தான் தோன்றும்.

ஊர் ஏரியைத் தூர் வாரும்போது பெரியவர்கள் கவனிக்க வேண்டியதும் இதில் அடங்கியிருக்கிறது. ஏரியைத் தொட்டி போல் செங்குத்தாக வெட்டி ஆழப்படுத்தினால் நீர்க்காகம் வரும். நாரைக்கும் கரண்டிவாயனுக்கும் நிற்க இடம் இராது. கரை சரிவாக இறங்க வேண்டும்; ஓரத்தில் கோரையும் ஆழமற்ற நீரும் இருக்க வேண்டும். ஊர்க் கூட்டங்களில் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இப்பறவைகள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருகின்றனவா?

பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். வேடந்தாங்கலில் மரத்தில் கூடு கட்டும் கூழைக்கடா, நாரை, கொக்கு, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் முதலியவை நம் நாட்டுப் பறவைகளே. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிகள் நிறைந்து மீனும் நத்தையும் பெருகும் காலம் பார்த்துக் கூடுகின்றன. சைபீரியா முதலிய வடநிலங்களிலிருந்து வருபவை ஊசிவால் வாத்து, கிளுவை போன்றவை. அவை குளிரைக் கழிக்க மட்டுமே வருகின்றன. இங்கே கூடு கட்டுவதில்லை. திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்துக்கு வரும் பட்டைத்தலை வாத்து, திபெத்து, மங்கோலியா போன்ற உயர்ந்த நிலங்களில் முட்டையிட்டு, இமயத்தைக் கடந்து வருகிறது.

சக்கரவாகம் என்பது உண்மையான பறவையா?

சுமதிநாதர் திருவுருவின் பீடத்தில் கண்ட புள்ளைப் பற்றி ஒரு பையன் கேட்டான். உண்மையான பறவையே. செம்பொன் நிற உடலும் வெளிறிய தலையும் கொண்ட பெருந்தாரா இனம். லடாக்கு, திபெத்து முதலிய உயர்ந்த நிலங்களில் பொந்துகளில் முட்டையிட்டு, குளிர்காலத்தில் நம் நாட்டு ஆறுகளுக்கு இறங்கி வரும். வடநாட்டில் மிகுதி, தமிழ்நாட்டில் அரிது. இணை இரவில் பிரிந்து ஒன்றையொன்று கூவி அழைக்கும் என்பது புலவர் மரபு. இப்பறவை இரவிலும் மேயும்; உரத்த குரலில் கூவும். அக்குரலை ஆற்றங்கரையில் கேட்டவர்கள் அவ்வாறு கருதியிருக்கலாம். நீரைப் பிரித்துப் பாலை மட்டும் உண்ணும் அன்னத்தைப் பற்றிக் கேட்டால், அது கவிதைக்கு உரியது என்று சொல்லிவிடுங்கள்.

தாமரைக்குளத்து இலைக்கோழியின் குடும்பம் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கும். நீண்ட விரல்களால் மிதக்கும் இலைமேல் நடக்கும் இப்பறவையில், பெட்டை முட்டையிட்டுவிட்டு வேறு சேவலை நாடிச் சென்றுவிடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் தந்தையே. இதைக் கேட்ட நம் மருமகன் ஒன்றும் பேசவில்லை.

கொக்கு மீனுக்குப் பதில் நெல்லைத் தின்னக் கூடாதா? இது நம் வீட்டுப் பிள்ளைகள் தவறாமல் கேட்பது. வாத்துக்குத் தானியத்தை அரைக்கும் வலிய இரைப்பை உண்டு. கொக்கின் வயிறோ மீன் முள்ளையும் கரைக்கும் அமிலம் உடையது. நெல்லைக் கொடுத்தால் பட்டினி கிடக்கும். அதன் உணவைக் கண்டு அதனை வெறுக்க வேண்டா என்று சொல்லுங்கள்.

இனி நம்மவர் செய்யும் பிழைகள். ஏரியில் பொரியும் ரொட்டியும் வீசுவது அன்பினால்தான். ஆயினும் மிகுந்தது அழுகி, நீரில் உள்ள உயிர்வளியைக் குறைத்துவிடும். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுக்குப் பாலும் சோறும் ஊட்டுவதும் கேடு. வனத்துறைக் காவலரிடம் தெரிவித்தல் நன்று. அதன்மேல் முகத்தைக் குனியாதீர்கள். கொக்குக் குஞ்சு கண்ணைக் குறி வைத்துக் குத்தும்.

மூன்றாவது பிழை நாமே செய்தது. 1978 ஆம் ஆண்டு தை மாதத்தில் ஆறாம் வகுப்பு மாணவரை வேடந்தாங்கலுக்கு அழைத்துச் சென்றோம். பறவைகள் அசையாது அமர்ந்திருந்தன. பிள்ளைகளுக்குச் சலிப்பு. "எல்லாரும் சேர்ந்து கைதட்டுங்கள், பறக்கும்" என்று சொன்னவர் நாமே. நாற்பது பிள்ளைகள் தட்டினர். ஏரி முழுதும் வெண்மையாக எழுந்தது. பிள்ளைகள் ஆரவாரித்தனர், நமக்கும் மகிழ்ச்சியே. அடுத்த நொடியில் காகங்கள் ஆளற்ற கூடுகளில் இறங்கின. ஒவ்வொன்றும் ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு பறந்ததைப் பிள்ளைகளும் கண்டனர். ஒரு சிறுமி அழத் தொடங்கினாள். கரையிலிருந்த முதியவர் ஒருவர் வந்து, கோபம் கொள்ளாமல், "வெயில் நேரத்தில் தாய் எழுந்தால் முட்டையும் குஞ்சும் வெந்துபோகும், அம்மா. பறப்பதைப் பார்க்க வேண்டுமானால் மாலை வரை இருங்கள்" என்றார். அன்று மாலை வரை இருந்தோம். பேருந்தில் திரும்பும்போது ஒருவரும் பாடவில்லை.

அம்முதியவரின் ஊர் இவ்வகையில் நெடிய மரபுடையது. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கற்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேசிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 1936 ஆம் ஆண்டு அரசும் அதனைச் சரணாலயமாக ஏற்றது. 2022 ஆம் ஆண்டு ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியிலும் கொள்ளுக்குடிப்பட்டியிலும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

செல்ல விரும்புவோர் மார்கழி, தை மாதங்களில், ஏரி நிறைந்திருக்கிறதா என்று முன்னரே விசாரித்துக்கொண்டு செல்க. பிற்பகல் மூன்று மணிக்குப் பின் செல்வது நன்று. பளிச்சென்ற நிறத்தில் ஆடை வேண்டா. இருகண்நோக்கி ஒன்று இருந்தால் போதும். முறை வைத்துப் பார்க்கலாம். ஐந்து மணியளவில் தொலைவிலிருந்து கூட்டங்கூட்டமாகத் திரும்பி வரும். கூட்டில் இருக்கும் குஞ்சுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கும்.