கடைசி கீமோ முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு

விழுப்புரம், திண்டிவனம் பக்கமிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கும் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் மாதக்கணக்கில் அலைந்தவர்களுக்குக் கடைசி கீமோ பெரிய நிம்மதி. ஆனால் அடுத்த இரண்டு வாரம் மிகவும் கவனம் தேவை. ரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாட்கள் அவை. வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்கட்டும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுவிட்டு, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் 108-ஐ அழையுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குப் போய், கீமோ எடுத்த தேதியை முதலில் சொல்லுங்கள்.

சோர்வு சில மாதங்கள்கூட நீடிக்கும். அது சோம்பல் இல்லை. வீட்டார் இதைப் புரிந்துகொண்டாலே பாதி பாரம் குறையும். வெயில் ஏறுமுன் கொஞ்ச நேரம் நடங்கள், நாளுக்கு நாள் கூட்டுங்கள்.

சில மருந்துகளால் பாதம் மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது. கழனிக்கோ கொல்லைக்கோ வெறுங்காலோடு போக வேண்டாம். இரவில் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள்.

மறுபரிசோதனைக்கு ரயிலில் போகிறீர்களா? நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை ஜெராக்ஸ் எடுத்து, செல்போனிலும் படம் பிடித்து வையுங்கள்.