தானியங்கி கியர்ப் பெட்டியில் பழுது காணும் முறை

ஓட்டுநர் கையால் மாற்றாமலே, வேகத்திற்கும் பளுவிற்கும் ஏற்பக் கியரைத் தானே மாற்றும் அமைப்புக்குத் தானியங்கி கியர்ப் பெட்டி என்று பெயர். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ‘ஹைட்ரா-மாடிக்’ பெட்டியைப் பொருத்தி, இவ்வகையைப் பெருவழக்கிற்குக் கொணர்ந்தது. அந்நிறுவனத்தின் ‘டர்போ-ஹைட்ராமாடிக் 400’ பெட்டி, 1964ஆம் ஆண்டு மாதிரி காடிலாக், ப்யூக் கார்களில் இடம் பெற்றது. அக்காலக் கார்களைப் பேணி வருவோர் இன்றும் உளர். அப்பெட்டியில் நேரும் ஒரு பழுதைக் கொண்டு, பழுது காண்பதன் ஒழுங்கை இப்பாடத்தில் காண்போம்.

அறிகுறிகள்

கியர் காலந்தாழ்த்தி மாறுகிறது. மாறும்போது வண்டி குலுங்குகிறது. பெட்டியின் எண்ணெய் குறைந்து கொண்டே வருகிறது. ஆயினும் தரையில் ஒரு சொட்டும் சிந்தவில்லை. புகைக்குழாயிலோ வெண்புகை வருகிறது. குலுக்கலை மட்டும் கண்டவர் பெட்டியைப் பிரிக்க முற்படுவார்; புகையை மட்டும் கண்டவர் என்ஜினைப் பிரிக்க முற்படுவார். இரண்டும் வீண் செலவாக முடியலாம்.

அமைப்பு

பெட்டியின் பக்கத்தில் மாடுலேட்டர் என்னும் சிறு உலோகக் கிண்ணம் உண்டு. அதனுள் ஒரு ரப்பர்ச் சவ்வும் ஒரு சுருள்வில்லும் உள்ளன. சவ்வின் ஒரு பக்கம், குழாய் வழியாக என்ஜினின் உட்கொள் குழலோடு இணைந்துள்ளது. என்ஜின் இலேசாக ஓடும்போது அங்கே உறிஞ்சு விசை மிகும். அது வில்லை எதிர்த்துச் சவ்வை இழுக்க, எண்ணெய் அழுத்தம் தணிந்து, கியர் மென்மையாக மாறும். பளு ஏறும்போது உறிஞ்சு விசை குறையும். வில்லின் கை ஓங்கி, அழுத்தம் உயரும். சவ்வு கிழிந்தால், அழுத்தம் எப்போதும் உயர்ந்தே நிற்கும். அதனோடு, பெட்டியின் எண்ணெயை என்ஜின் உறிஞ்சி எரித்துவிடும். மூன்று அறிகுறிகளுக்கும் காரணம் இந்த ஒன்றே.

சோதனை

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எண்ணெய் சூடேறிய பின், என்ஜின் ஓடும்போதே அளவுக் கம்பியைப் பார்க்க வேண்டும். நல்ல எண்ணெய் சிவந்திருக்கும். கருகிய நாற்றமும் பழுப்பு நிறமும் கிளட்ச் தட்டுகள் எரிந்தமைக்கு அடையாளம். பால் போன்ற வெளிறல் நீர் கலந்தமைக்கு அடையாளம்.

2. என்ஜினை நிறுத்தி, மாடுலேட்டரிலிருந்து ரப்பர்க் குழாயைக் கழற்றிப் பார்க்க வேண்டும். குழாயில் எண்ணெய் இருப்பின் சவ்வு கிழிந்துள்ளது.

3. எண்ணெய் இல்லையெனில், என்ஜினை ஓட்டிக் குழாயின் முனையில் உறிஞ்சு விசையை அளவிட வேண்டும். கடல் மட்டத்தில், நல்ல நிலையிலுள்ள என்ஜினில் அது பாதரச அளவில் 17 முதல் 21 அங்குலம் இருக்கும். 1,000 அடி உயரத்திற்கு ஏறத்தாழ 1 அங்குலம் குறையும். இதனினும் மிகக் குறைந்தால், குழாயின் வெடிப்பையோ என்ஜினின் குறையையோ தேட வேண்டும்.

4. இவை யாவும் சரியாயிருந்தும் குறை நீங்காவிடில் மட்டுமே, கவர்னர், வால்வுகள் முதலிய உட்பகுதிகளை ஆராய வேண்டும்.

பழுது நீக்கல்

சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியை உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகலாகாது. மாடுலேட்டரை ஒரே போல்ட் பிடித்துள்ளது. அதனைக் கழற்றி, கிண்ணத்தை வெளியே இழுக்கலாம். பின்னுள்ள சிறு வால்வு கீழே விழாமல் காக்க வேண்டும். புதிய ரப்பர் வளையத்துடன் புதிய மாடுலேட்டரைப் பொருத்தி, எண்ணெயை உரிய அளவுக்கு நிரப்புக. இப்பழுதைக் கவனியாது விட்டால், எண்ணெய் குறைந்து, பம்பு காற்றை இழுக்கும். கிளட்ச் தட்டுகள் வழுக்கி எரியும். அப்போது பெட்டியைப் பிரிப்பது தவிர்க்க இயலாததாகும்.

வகுப்பில் செய்து காட்டல்

சிறு புனலின் வாயில் பலூன் ரப்பரைத் தளர்வாகக் கட்டி, காம்பைக் குழாய் மூலம் பெரிய ஊசிக்குழலோடு இணைக்க. தண்டை இழுத்தால் ரப்பர் உட்குழியும். ரப்பரில் ஊசியால் துளையிட்டு, அதன்மேல் சிறிது நீர் ஊற்றி மீண்டும் இழுத்தால், நீர் உள்ளே இறங்கும். எண்ணெய் என்ஜினுக்குள் மறைந்த வழியும் இதுவே என்பதை மாணாக்கர் கண்ணாரக் காண்பர். வெளியிலிருந்து உள்ளும், எளியதிலிருந்து அரியதும் ஆகச் செல்வதே பழுது காண்பவரின் நெறி என்பதையும் ஆசிரியர் அப்போது எடுத்துரைக்கலாம்.