பாதம் பேணுவோம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

முகத்தை நாள்தோறும் பலமுறை கழுவுகிறோம். கண்ணாடி முன் நின்று தலை வாருகிறோம். உடலின் முழு எடையையும் சுமக்கும் பாதங்களையோ காலணிக்குள் மறைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். கணினி அறையின் வாயிலில் ஒருவர் காலணியைக் கழற்றும்போது மற்றவர்கள் மூக்கைப் பொத்திச் சிரிப்பது பள்ளிகளில் அரிய காட்சியன்று. அந்தத் துர்நாற்றம் எங்கிருந்து வருகிறது? அதனைத் தடுப்பது எப்படி? வந்தபின் நீக்குவது எப்படி? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை தருகிறது.

வியர்வைக்கு மணமில்லை

நம் இரு பாதங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 2,50,000 வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. அவை சுரக்கும் வியர்வையில் பெரும்பகுதி நீர். சிறிதளவு உப்பும் வேறு சில பொருள்களும் அதில் கலந்திருக்கும். புதிதாகச் சுரந்த அவ்வியர்வைக்குத் துர்நாற்றம் இல்லை.

உள்ளங்கையிலும் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாகவே அமைந்துள்ளன. ஆயினும் கை நாறுவதில்லை, கால் நாறுகிறது. ஏன்? கை காற்றுப்பட இருக்கிறது, அடிக்கடி கழுவப்படுகிறது. காலோ காலுறைக்கும் காலணிக்கும் உள்ளே பல மணி நேரம் அடைபட்டுக் கிடக்கிறது. அங்கே ஈரமும் வெப்பமும் இருளும் ஒருங்கே அமைகின்றன. தோலின் மேல் இயல்பாக வாழும் பாக்டீரியாக்கள் பெருகுவதற்கு அதனினும் ஏற்ற இடம் வேறில்லை. ஈரத்தில் ஊறி மென்மையாகும் இறந்த தோலையும் வியர்வையில் உள்ள பொருள்களையும் அவை உண்கின்றன. அப்போது லியூசின் என்னும் அமினோ அமிலம் சிதைந்து ஐசோவலெரிக் அமிலம் உண்டாகிறது. பாலாடைக்கட்டி புளித்தது போன்ற அந்த வாடைக்கு இதுவே முதன்மையான காரணம்.

எனவே, கால் துர்நாற்றம் ஒருவருடைய பிறப்பாலோ குணத்தாலோ வருவதன்று. ஈரம் அடைபட்ட இடத்தில் நுண்ணுயிர்கள் செய்யும் வேலை அது. வளரிளம் பருவத்தில் வியர்வை மிகுவதால் மாணவர்களிடம் இது கூடுதலாகத் தோன்றுவதும் இயல்பே.

சிரிப்பிலிருந்து சிந்தனைக்கு

முதலில் சிரிக்கவும் பின்னர்ச் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு ஆண்டுதோறும் ‘இக் நோபல்’ என்னும் பரிசு வழங்கப்படுகிறது. கால் மணத்தைப் பற்றிய ஆய்வுகள் இப்பரிசை மூன்று முறை பெற்றுள்ளன.

1992ஆம் ஆண்டு, கால் துர்நாற்றத்திற்குக் காரணமான வேதிப்பொருள்களைக் கண்டறிந்தமைக்காக ஜப்பானின் யோக்கோஹாமா நகரிலுள்ள ஷிசெய்டோ ஆய்வு மையத்தினர் இதனைப் பெற்றனர்.

இரண்டாவது ஆய்வுக்கு நம் ஐதராபாத்துடன் ஓர் உறவு உண்டு. 1897 ஆகஸ்ட் 20ஆம் நாள், செகந்திராபாத்தின் பேகம்பேட் பகுதியில் மருத்துவர் ரொனால்ட் ராஸ் அனாபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை நிறுவ அக்கண்டுபிடிப்பே வழிவகுத்தது. 1902இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அவர் பணியாற்றிய கட்டடம் இன்றும் பேகம்பேட்டில் உள்ளது. கொசு நோயைப் பரப்புகிறது என்பது தெரிந்தபின், அது மனிதனை எவ்வாறு தேடி வருகிறது என்ற வினா எழுந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த பார்ட் நோல்ஸ், ருயர்ட் டி யோங் ஆகியோர் அதற்கு ஒரு பகுதி விடை கண்டனர். ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் ‘அனாபிலிஸ் காம்பியே’ என்னும் கொசு, மனிதனின் கணுக்காலையும் பாதத்தையுமே மிகுதியாகக் கடித்தது. நுண்ணுயிர்க்கொல்லி சோப்பினால் பாதத்தைக் கழுவியபின், அது கடிக்கும் இடங்கள் மாறின. பாத மணத்தை ஒத்த லிம்பர்கர் பாலாடைக்கட்டியும் அக்கொசுவை ஈர்த்தது. இதற்காக அவர்கள் 2006இல் பரிசு பெற்றனர்.

மூன்றாவது ஆய்வு நம் நாட்டினுடையது. உத்தரப்பிரதேசத்தின் சிவ் நாடார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விகாஷ் குமார், சர்த்தக் மித்தல் ஆகிய இருவரும் விடுதி அறைகளுக்கு வெளியே கிடக்கும் காலணிகளைக் கண்டு, நல்லதொரு காலணி அடுக்கை வடிவமைக்க எண்ணினர். 149 மாணவர்களிடம் கேட்டறிந்தபோது, இடமின்மையைக் காட்டிலும் துர்நாற்றமே பெருந்தொல்லை எனத் தெரிந்தது. புறஊதாக் கதிரின் ஒரு வகையைக் காலணிக்குள் 2 முதல் 3 நிமிடம் செலுத்தினால் பாக்டீரியாக்கள் அழிந்து வாடை நீங்குவதை அவர்கள் கண்டனர். நேரம் மிகுந்தால் ரப்பர் கருகிய வாடை வீசியது! 2025ஆம் ஆண்டின் பொறியியல் வடிவமைப்புப் பரிசு இவர்களுக்குக் கிடைத்தது. இக்கதிர் கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கு செய்யும். ஆகவே வீட்டில் எவரும் இதனைச் செய்து பார்த்தல் கூடாது. நமக்கு எளிய வழிகள் இருக்கின்றன.

தடுக்கும் வழிகள்

1. பாதங்களை நாள்தோறும் காலையிலும், பள்ளியிலிருந்து வந்தவுடனும் சோப்பிட்டுக் கழுவுக. குளிக்கும்போது மேலிருந்து வழியும் நீரே போதும் என எண்ணற்க. விரல் இடுக்குகளைத் தனித்தனியே தேய்த்துக் கழுவுக.

2. கழுவிய பாதத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். விரல் இடுக்கில் ஈரம் தங்கினால், கழுவியதன் பயன் பாதியாகக் குறையும்.

3. வியர்வையை உறிஞ்சும் பருத்திக் காலுறைகளை அணிக. ஒருநாள் அணிந்ததைத் துவைக்காமல் மறுநாள் அணியற்க. காலுறையின் உட்புறத்தை வெளியே திருப்பித் துவைத்தல் நன்று. விளையாட்டுப் பாடவேளை உள்ள நாள்களில் மாற்றுக் காலுறை ஒன்றைப் பையில் வைத்துக்கொள்க.

4. அணிந்த காலணி உள்ளே நன்கு உலர ஒருநாளேனும் ஆகும். இரண்டு இணைகள் இருப்பின் மாற்றி மாற்றி அணியலாம். எல்லா வீடுகளிலும் அதற்கு வசதி இராது. ஓர் இணையே உள்ளவர்கள் வீடு திரும்பியவுடன் கயிற்றைத் தளர்த்தி, காலணியின் நாக்கினை மேலே தூக்கி, உள்ளட்டை கழன்று வருமாயின் அதனையும் எடுத்து, மின்விசிறிக் காற்றுப்பட வைக்க வேண்டும். கழற்றிய சூட்டோடு மூடிய அலமாரிக்குள் வைத்தல் தவறு.

5. பள்ளி திறக்கும் சூன் மாதத்திலேயே ஐதராபாத்தில் பருவமழையும் தொடங்கிவிடும். நனைந்த காலணிக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்தால் அது ஈரத்தை உறிஞ்சும். தாள் நனைந்ததும் வேறு தாள் மாற்றுக.

6. பவுடரை உலர்ந்த பாதத்தில் மட்டுமே தூவ வேண்டும். ஈரப் பாதத்தில் அது குழைந்து ஒட்டிக்கொள்ளும். நறுமணத் தெளிப்பான் வாடையைச் சிறிது நேரம் மறைக்கும். அதன் காரணத்தை நீக்காது.

மருத்துவரை நாட வேண்டிய நேரம்

இரண்டு வாரம் இவ்வாறு செய்தும் துர்நாற்றம் குறையவில்லையெனில் தோல் மருத்துவரிடம் செல்க. விரல் இடுக்கில் தோல் வெளுத்து ஊறி, அரிப்பும் வெடிப்பும் இருந்தால் அது சேற்றுப்புண், பூஞ்சையால் வருவது. உள்ளங்காலில் ஊசியால் குத்தியதுபோல் சிறுசிறு குழிகள் காணப்பட்டால் அது பாக்டீரியாவால் வரும் தோல் நோய். ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாமல் போகலாம். கடையில் தாமே கேட்டு வாங்கும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அவை அரிப்பை அடக்கிவிட்டு, பூஞ்சையைப் பெருகச் செய்யும். சிலருக்கு இயல்பாகவே மிகுதியாக வியர்க்கும். அதற்கும் மருத்துவம் உண்டு. நீரிழிவு நோயுள்ள தாத்தா, பாட்டி வீட்டில் இருந்தால் அவர்களுடைய பாதங்களையும் நாள்தோறும் பார்க்க உதவுங்கள். அவர்கள் பாதத்தில் தோன்றும் சிறு புண்ணும் பெருந்துன்பமாக வளரக்கூடும்.

நண்பனுக்கு எப்படிச் சொல்வது?

கால் நாறுகிறது என்று பலர் முன் கேலி செய்யப்பட்ட மாணவன், அடுத்த முறை காலணியைக் கழற்றவே அஞ்சுவான். கழற்றாத காலணி உலராது. உலராத காலணி மேலும் நாறும். நம் கேலி அவன் துன்பத்தை இரட்டிப்பாக்குவதைக் காண்க. உண்மையில் உதவ விரும்புவோர் அவனைத் தனியே அழைத்து, தாழ்ந்த குரலில் சொல்லி, இப்பாடத்தில் கற்ற வழிகளையும் கூற வேண்டும். மூக்கைப் பொத்துவது எளிது. அன்போடு எடுத்துரைப்பதே நட்பு.

தெரிந்து தெளிவோம்

‘நாற்றம்’ என்னும் சொல் பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்தது. காலப்போக்கில் அது தீய வாடையை மட்டும் குறிக்கும் சொல்லாயிற்று. உயர்ந்த பொருளைத் தந்த சொல் இவ்வாறு தாழ்ந்த பொருளைத் தருவதனை ‘இழிபொருட்பேறு’ என்பர்.

சொற்பொருள்

பேணுதல் – பாதுகாத்தல்
ஒற்றுதல் – மெல்ல அழுத்தி ஈரம் எடுத்தல்
இடுக்கு – நெருங்கிய இடைவெளி
இணை – சோடி
அற்க (எண்ணற்க, அணியற்க) – எதிர்மறை வியங்கோள் விகுதி. ‘கூடாது’ என்னும் பொருள் தருவது

மதிப்பீடு

அ) கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. லியூசின் சிதைவதால் உண்டாகும் அமிலம் ________.
2. ரொனால்ட் ராஸ் மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் வயிற்றில் கண்ட ஆண்டு ________.

ஆ) ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. உள்ளங்கை நாறாமல் உள்ளங்கால் நாறுவது ஏன்?
2. நறுமணத் தெளிப்பான் முழுத் தீர்வாகாதது ஏன்?
3. சேற்றுப்புண்ணின் அறிகுறிகள் யாவை?

இ) சிந்தித்து எழுதுக.
‘கேலி துர்நாற்றத்தை மிகுவிக்கும்’ – இக்கூற்றைப் பாடத்தின் துணைகொண்டு விளக்குக.

மொழியோடு விளையாடு

கால் – காலு, செருப்பு – செப்பு, விரல் – வேலு. தமிழுக்கும் தெலுங்குக்கும் உள்ள உறவைக் காட்டும் இத்தகைய சொல் இணைகள் ஐந்தினை உங்கள் தெலுங்கு நண்பர்களிடம் கேட்டுத் தொகுக்க.

கற்பவை கற்றபின்

ஒரு வாரம் பாதம் கழுவியது, காலுறை மாற்றியது, காலணி உலர்த்தியது ஆகியவற்றை அட்டவணையாக எழுதிவருக. வார இறுதியில் கண்ட மாற்றத்தை ஐந்து தொடர்களில் தமிழில் எழுதி, வீட்டிலுள்ள பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுக.