போனான், போகவில்லை, போயிருந்தான்

அன்புள்ள தம்பி,

நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கப் போகிறீர்கள். முதல் மாதத்திலேயே அந்த அட்டவணை உங்கள் கைக்கு வந்துவிடும்: பிரசென்ட், பாஸ்ட், பாஸ்ட் பார்ட்டிசிபிள் என்று மூன்று கட்டம். ‘கோ – வென்ட் – கான், சீ – சா – சீன்’ என்று பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். ஒப்பிக்கட்டும், அதில் தீங்கில்லை. ஆனால் தப்பில்லாமல் ஒப்பித்த அதே பிள்ளை, ‘நேற்று நீ எங்கே போனாய்?’ என்பதை ‘வேர் டிட் யூ வென்ட்’ என்று எழுதும். வடிவங்கள் மூன்றும் அதற்குத் தெரியும். எது எந்த இடத்தில் வேலைக்கு வரும் என்பதுதான் தெரியாது. அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தொடக்கத்திலேயே ஐம்பது வினைகளை இறக்கிவிடாதீர்கள். ‘கோ’ என்ற ஒன்றை மட்டும் எடுத்து, எல்லாக் காலங்களிலும், கேள்வியிலும் மறுப்பிலும் அதை நடத்திக் காட்டுங்கள்.

‘கோ’வுக்கு மொத்தமே ஐந்து வடிவங்கள். கோ, கோஸ், கோயிங் மூன்றும் விதிப்படி நடப்பவை. எதிர்காலத்துக்கு ‘வில் கோ’ போதும். முரண்டு பிடிப்பவை ‘வென்ட்’, ‘கான்’ இரண்டுதான். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினாலே வகுப்பில் பாதி பயம் போய்விடும்.

‘கோ எப்படி சார் வென்ட் ஆகும்?’ என்று ஒரு பிள்ளை கேட்கும். ‘அது அப்படித்தான்’ என்று சொல்லிக் கடந்துவிடாதீர்கள், நல்ல பதில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘கோ’வின் இறந்தகாலம் ‘ஏயோடெ’. அதுவும் வேறொரு வேரிலிருந்து வந்த சொல். 15ஆம் நூற்றாண்டு வாக்கில் அதன் இடத்தை ‘வென்ட்’ பிடித்துக்கொண்டது. இந்த ‘வென்ட்’, திரும்புதல், வழியே செல்லுதல் என்று பொருள்படும் மற்றொரு வினையின் இறந்தகாலம். அந்த வினையின் கடைசியில், நாயைக் குறிக்கும் ‘டாக்’கில் வரும் டகரம் இருந்தது, இறந்தகாலத்தில் அது ‘டேபிள்’ சொல்லில் வரும் டகரமாக வலுத்தது. அனுப்பு, செலவிடு, கடன் கொடு என்பவற்றுக்கான ஆங்கில வினைகள் இன்றும் இப்படித்தான் சென்ட், ஸ்பென்ட், லென்ட் ஆகின்றன. ‘வென்ட்’டும் அந்தக் குடும்பம்தான், வீடு மட்டும் மாறிவிட்டது.

பிறகு தமிழுக்கு வாருங்கள். ‘வா’ என்போம், ‘வந்தான்’ என்போம், ‘வருவான்’ என்போம். ‘சா’ என்பது ‘செத்தான்’ ஆகிறது. இறந்தகாலத்துக்கு த், ட், ற், இன் என்று நான்கு இடைநிலைகளைச் சொல்கிறது நன்னூல். புகு – புக்கான், விடு – விட்டான், பெறு – பெற்றான் போன்றவை அவற்றுக்குள் அடங்குவதில்லை. இவற்றில் எதையும் அட்டவணை போட்டு நம் பிள்ளைகள் கற்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகினார்கள்.

கேட்டுப் பழகுவது எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2007இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் விதிக்கு அடங்காதிருந்த 177 வினைகளை எடுத்துப் பார்த்தால், இன்றும் அடங்காதிருப்பவை 98. மற்றவை வழிக்கு வந்து ‘எட்’ போட்டுக்கொண்டன. ‘ஹெல்ப்’பின் இறந்தகாலம் ஒருகாலத்தில் ‘ஹோல்ப்’. நூறு மடங்கு குறைவாகப் புழங்கும் வினை பத்து மடங்கு வேகமாக விதிக்குள் வந்துவிடுகிறது என்கிறது அந்தக் கட்டுரை. அன்றாடம் வாயில் புழங்கும் ‘கோ’, ‘சீ’, ‘டேக்’, ‘கெட்’ போன்றவை இன்னும் விதிக்கு அடங்காமலே நிற்பதற்கு அந்தப் புழக்கம்தான் காரணம். ஆகவே அகரவரிசையில் ‘அபைட் – அபோட்’ என்று தொடங்கும் நீண்ட பட்டியலை ஒதுக்கி வையுங்கள். பிள்ளைகள் தினமும் சொல்ல வேண்டிய வினைகளை, வாக்கியத்தோடு, பலமுறை காதில் விழ வையுங்கள்.

‘கோ’வுக்கே ‘எட்’ சேர்த்து எழுதும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். அது விதியைப் பிடித்துவிட்டது, விலக்கு இன்னும் காதில் ஏறவில்லை. ஆங்கிலம் தாய்மொழியான குழந்தைகளும் ‘வென்ட்’ சொல்லத் தொடங்கிய பிறகும் சிலகாலம் இப்படிச் சொல்வதுண்டு. தானாகச் சரியாகும் தவறு இது. உங்கள் நேரத்தைத் தானாகச் சரியாகாத தவறுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அவற்றில் முதலாவது ‘டிட் நாட் வென்ட்’. இதற்குத் தமிழே கைகொடுக்கும். ‘போனான்’ என்பதை மறுத்துச் சொல்லச் சொல்லுங்கள். ‘போகவில்லை’ என்பார்கள். ‘போனவில்லை’ என்று ஒருவர்கூடச் சொல்லமாட்டார். மறுப்பு வந்ததும் தமிழ் வினை காலத்தைக் கழற்றி வைத்துவிட்டு ‘போக’ என்று நிற்கிறது. ஆங்கில வினையும் அதையே செய்கிறது. கழற்றிய காலத்தை அங்கே ‘டிட்’ சுமக்கிறது. சிக்கல் கேள்வியில்தான். ‘போனானா?’ என்று கேட்கும்போது தமிழ் வினை காலத்தை விடுவதில்லை. அதனால்தான் மறுப்பில் திருந்திய பிள்ளையும் கேள்வியில் ‘டிட் ஹி வென்ட்’ என்றே எழுதும். இரண்டையும் ஒரே நாளில் நடத்தாதீர்கள். மறுப்பு படிந்த பிறகு கேள்விக்குப் போங்கள்.

‘ஐ ஹேவ் வென்ட்’ என்று எழுதுபவர்களிடம் ‘நான் போய்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். ‘போய் என்ன சார்?’ என்பார்கள். ‘கான்’ இங்கே அந்தப் ‘போய்’ மாதிரி: ‘இருக்கிறேன்’ வந்தால்தான் ‘போய்’ முடியும், ‘ஹேவ்’ முன்னால் நின்றால்தான் ‘கான்’ நிற்கும். ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ‘அப்பா டெல்லிக்குப் போயிருக்கிறார்’ என்றால் இப்போது அங்கே இருக்கிறார் என்றும் பொருள், முன்னொரு முறை போய் வந்தவர் என்றும் பொருள். ஆங்கிலம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. இன்னும் திரும்பவில்லை என்றால் ‘ஹாஸ் கான்’, போய் வந்த அனுபவம் என்றால் ‘ஹாஸ் பீன்’.

எல்லாவற்றையும்விட ஆழமாக வேரோடியது ‘ஹேட் கான்’. ‘நேத்து மதுரைக்குப் போயிருந்தேன்’ என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். போனது, அங்கே இருந்தது, திரும்பி வந்தது மூன்றும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. அதற்குத் துணையாக வேறொரு நிகழ்ச்சி தேவையில்லை. இதை அப்படியே பெயர்த்துத்தான் பட்டம் பெற்றவர்களும் ‘ஐ ஹேட் கான் டு மதுரை எஸ்டர்டே’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘ஹேட் கான்’ வந்தால், வாசிப்பவர் இன்னொரு கடந்தகால நிகழ்ச்சியைத் தேடுவார். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தேன், அதற்கு முன்பே பஸ் போய்விட்டது: இங்கே பஸ்ஸுக்கு ‘ஹேட் கான்’ பொருந்தும். மதுரைக்கு ‘வென்ட்’ போதும். கரும்பலகையில் ஒரு கோடு இழுத்து, பஸ் கிளம்பியதையும் நான் வந்ததையும் இரண்டு புள்ளிகளாக வைத்துக் காட்டுங்கள். மதுரைக்குப் புள்ளி ஒன்றுதான்.

நோட்டுத் திருத்தும்போது ‘ஹேட் கான்’ கண்ணில் பட்டால் உடனே அடித்துவிடாதீர்கள். ஓரத்தில் ‘எதற்கு முன்?’ என்று எழுதித் திருப்பிக் கொடுங்கள். பதில் சொல்ல முடிந்த பிள்ளை அதை அப்படியே வைத்துக்கொள்ளட்டும், முடியாத பிள்ளை தானே ‘வென்ட்’ என்று மாற்றி எழுதட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஓர் ஆங்கில ஆசிரியர்