பழுப்பு நிலக்கரியும் கிரயப் பத்திரமும்

தஞ்சை ஜில்லா வடசேரிப் பகுதி 2023-ஆம் வருஷம் மத்திய சர்க்காரின் நிலக்கரி ஏல ஜாபிதாவில் சேர்க்கப்பட்டு, தமிழ்நாட்டு அரசாங்கத்தின் ஆட்சேபத்தின் பேரில் ஏப்ரல் மாதத்திலேயே நீக்கப்பட்டது. ஆயினும் வயலின் அடியிலுள்ள கனிப்பொருளுக்கு உரியவர் யாரென்பதை மிராசுதாரர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

பூமிக்கடியிலுள்ளதெல்லாம் சர்க்காருடையதே என்பர். முன்னர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலபாரின் ஜன்ம நிலங்களைப் பற்றிய வழக்கில் 2013-ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டார், சட்டப்படி பறிக்கப்பட்டாலொழிய அடிநிலம் மேல்நிலத்தாருக்கே உரியதெனத் தீர்ப்பளித்தனர். இது கேட்டு மகிழ்ந்து கடப்பாரை எடுத்தல் கூடாது. 1957-ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டப்படி குத்தகையின்றித் தோண்டுதல் குற்றமாம்.

ராயல்டியென்பது வரியன்று, எடுக்கும் கனிப்பொருளுக்காகக் குத்தகைதாரர் குத்தகை கொடுத்தவருக்குச் செலுத்தும் பிரதிபலனே என 2024-ஆம் வருஷம் அக்கோர்ட்டே விளக்கியது. ஆகவே உரிமை கையிலுள்ளவரையில்தான் அதைப் பற்றிப் பேச இடமுண்டு.

நமது கிரயப் பத்திரங்களில் வழக்கமாய் எழுதப்படும் ‘நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம்’ முதலிய அஷ்டபோக வாசகத்தை அநேகர் வாசிப்பதேயில்லை. அவ்வாசகத்துடன் நிலத்தை விற்றவர், நெல் விளையும் மண்ணின் விலைக்கே அடியிலுள்ளதையும் விற்றவராகக் கருதப்படலாம். கனி உரிமையை நிறுத்திக்கொள்ள விரும்புவோர் அதைப் பத்திரத்தில் தனியே, தெளிவாய் எழுதுவித்து, கையெழுத்திடுமுன் வக்கீலிடம் காட்டுக. தரகர் அவசரப்படுத்துவாராயின் காரணம் கேட்க வேண்டும். எழுத்தறியாக் குடிகளுக்குக் கிராம அதிகாரிகள் அவ்வொரு வரியை வாசித்துப் பொருள் சொல்லுதல் பெரிய உபகாரமாகும்.