பூட்டை மாற்றுவதற்கு முன்

வீடு ஒன்றை வாங்கி வாடகைக்கு விட்டால் மாதா மாதம் காசு வந்துவிடும் என்று நினைக்கும் நண்பர்களுக்கு எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். நான் படிப்பது பொறியியல், சட்டம் இல்லை. ஆனாலும் இதையெல்லாம் நான்தான் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று.

மஸ்ஜித் இந்தியாவில் பழைய அடுக்குமாடி ஒன்றில் அப்பாவுக்குச் சின்ன வீடு உண்டு. அதில் குடியிருப்பவர் அதே சாலையில் ரவிக்கை தைக்கும் ஓர் அண்ணன். ஆறு வருடமாக வாடகை தவறியதே இல்லை. 2024 ஆகஸ்டு 23-ஆம் தேதி அங்கே நடைபாதை உள்வாங்கி ஒரு பெண்மணி விழுந்து காணாமல் போனார். சாலையை அடைத்தார்கள். தீபாவளிக்குக் கூட வழக்கமான தையல் வரவில்லை என்றார் அண்ணன். மூன்று மாத வாடகை நின்றது.

அன்றுதான் அப்பாவின் கணக்கை முதல்முறையாக எழுதிப் பார்த்தேன். வாடகை 1,400 ரிங்கிட். வங்கிக் கடன் 980, பராமரிப்புக் கட்டணம் சிங்கிங் ஃபண்டோடு 190. மிச்சம் 230. அதிலேதான் சுக்காய் பிந்து, குழாய் ரிப்பேர் எல்லாம். ஒரு மாதம் வாடகை வராவிட்டால் ஐந்து மாத மிச்சம் போச்சு! வாங்குவதற்கு முன்பே போட வேண்டிய கணக்கு இது. என் செமஸ்டர் கட்டணமும் அந்த 230-ஐ நம்பித்தான் இருந்தது.

அப்பாவோடு டீ குடிக்கும் மாமா ஒருவர், "பேசிக்கிட்டு இருக்காதீங்க, பூட்டை மாத்திடுங்க" என்றார். அப்பா புதுப் பூட்டே வாங்கி வந்துவிட்டார். நல்லவேளை, அதற்குள் 1950-ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீப் சட்டத்தின் 7(2) பிரிவைப் படித்துவிட்டேன். ஒப்பந்தக் காலம் முடிந்தும் ஒருவர் குடியிருந்தால்கூட, நீதிமன்றம் வழியாகத்தான் வீட்டைத் திரும்ப எடுக்க முடியும். பாக்கி வாடகைக்காகச் சாமான்களைப் பிடிக்கவும் 1951-ஆம் ஆண்டு டிஸ்ட்ரஸ் சட்டப்படி நீதிமன்ற வாரண்டு வேண்டும். நாமே பூட்டினால் வழக்கு நம் மேல் திரும்பும்.

சரி, கோர்ட்டுக்கே போகலாம் என்றால் எங்கள் ஒப்பந்தத்தில் முத்திரையே இல்லை! கடையில் வாங்கிய பாரத்தில் இரண்டு கையெழுத்து, அவ்வளவுதான். முத்திரைத் தீர்வை கட்டாத பத்திரத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. தாமதமாகக் கட்டினால் அபராதம். எவ்வளவு மிச்சம் பிடித்தோம் தெரியுமா? 2025 முதல் உள்ள விகிதத்தில், ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட். எங்களுக்கு 68, நகலுக்கு 10.

கடைசியில் அம்மாதான் சொன்னார்: "ஆறு வருஷம் ஒழுங்கா கொடுத்த பிள்ளை, கூப்பிட்டுப் பேசுங்க." பேசினோம். 2025 ஜனவரியில் புது ஒப்பந்தம் எழுதி முத்திரை இட்டோம். பாக்கி 4,200-ஐ மாதம் 350 வீதம் வாடகையோடு கட்டுவது என்று அதிலேயே எழுதினோம். இரண்டு மாத டெப்பாசிட்டை இனி செலவழிப்பதில்லை என்று அப்பா தனிக் கணக்கில் போட்டார். நான் ஒவ்வோர் அறையையும் மீட்டரையும் படம் எடுத்து வைத்தேன்.

டிசம்பரில் கடைசி 350 வந்தது. அந்தப் புதுப் பூட்டு இப்போது என் ஹாஸ்டல் அலமாரியில் தொங்குகிறது.